மிஷின் தடத்தில் நிற்கும் களை

காவிரி டெல்டாவில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தை வீசிவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில், அதாவது மெழுகுபோல் குழைவான ஈரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உழவு கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தைப் பனியும் பயிரை ஏற்றிவிடும். டீசல் மிச்சம், தண்ணீர் மிச்சம். ஆனால் களையைப் புரட்டிப்போட கலப்பையும் இல்லை, கைக்களை எடுக்க ஆளும் கிடைப்பதில்லை. அந்த வேலை முழுக்க இப்போது களைக்கொல்லியின் தலையில் விழுந்திருக்கிறது.

ஒரு மாசியில் திருவாரூர் பக்கம் வயல் பார்க்கக் கூப்பிட்டார்கள். "மருந்து கேக்கலை சார், ரெண்டு தடவை அடிச்சாச்சு" என்றார் விவசாயி. "எங்கண்ணே அதிகமா நிக்குது?" என்று கேட்டு இறங்கி நடந்தேன். அறுவடை மிஷின் போன தடத்தில்தான் களை கோடு கிழித்ததுபோல் நின்றது. தடத்தில் உளுந்து நசுங்கியிருந்தது. காலியான இடத்தைப் புல்லும் கோரையும், அறுத்த தாளிலிருந்து திரும்பத் துளிர்க்கும் நெல் மறுதாம்பும் பிடித்துக்கொண்டன. இரண்டு தடத்துக்கும் நடுவில் உளுந்து நெருங்கி நின்ற இடத்தில் செடியை விலக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த புல் வெளிச்சமில்லாமல் வெளுத்துக் கிடந்தது. அங்கே மருந்தே தேவைப்பட்டிருக்காது.

அவர் அடித்தது குயிசலோபாப். புல்லினக் களைக்கு மட்டும்தான் அது. கோரையையும் அகன்ற இலைக் களையையும் தொடாது. விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், புல் இளசாக, மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். அவர் இரண்டாவது தடவை அடித்தபோது வயல் வெடிப்பு விட்டிருந்தது. வாடி நிற்கிற களை மருந்தைச் சரியாக உள்ளே இழுக்காது. காசு போனது ஒரு பக்கம். வருஷா வருஷம் ஒரே மருந்தை அடித்தால் அதற்கு அடங்காத களைதான் வயலில் பெருகும். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

அகன்ற இலைக் களைக்கும் கேட்கும் என்று இமாசிதாபிர் என்ற களைக்கொல்லியை வாங்குகிறவர்கள் அளவைத் தாண்டவே கூடாது. மண்ணில் அதைச் சிதைப்பவை நுண்ணுயிர்கள். காய்ந்த மண்ணில் அந்த வேலை மந்தமாகிவிடும். மிச்சம் தங்கினால் அடுத்து வைக்கிற பயிரைத் தாக்கலாம்.

உழாமல் விடுவதை நான் குறை சொல்லமாட்டேன், அது இந்த மண்ணுக்குப் பொருந்திய முறை. மருந்துக் கடைக்குப் போகும் முன் விதையைப் பாருங்கள். ஏக்கருக்கு 10 கிலோ போடுங்கள். மிஷின் அறுவடை என்றால் இன்னும் 2 கிலோ கூட்டுங்கள். சதுர மீட்டருக்கு 33 செடி நின்றால் பாதிக் களையை உளுந்தே அமுக்கிவிடும். அப்புறம் தடத்தில் நிற்கிற புல்லுக்கு மட்டும் தெளித்தால் போதும்.

அந்த வயலோரத்து வாய்க்காலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. மருந்து அடித்த டேங்கைக் கழுவியதும் அதே வாய்க்காலில்தான். குயிசலோபாப் மீனுக்கு விஷம். கழுவின தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், மருந்து அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.