மதிய வெயில் இரவில் இறங்கும் கணக்கு

"மொட்டை மாடிக்குக் கீழே குடியிருக்கிறோம். நண்பகலைவிட இரவு எட்டு மணிக்குத்தான் அறை வேகிறது. ஏன்?" என்று சென்னை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டடத்தின் மின்செலவைக் கணினியில் முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள்களும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

கட்டடத்தின் சுவர், சன்னல், கூரை, ஆட்கள், விளக்குகள், ஏசி அனைத்தையும் கணினியில் வரைந்து, அந்த ஊரின் ஓராண்டு வானிலையை, அதாவது 8,760 மணி நேரத்தை, அதன்மேல் ஓடவிடுகிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது.

என்னைச் சொக்கவைப்பது, அது கூரையைக் கணக்கிடும் விதம். இரவில் ஸ்டூலில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இதமாகச் சுடும். அது மதியத்து வெயில். 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டைக் கடக்க வெப்பத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் பதித்திருந்தால் இன்னும் தாமதம். ஆகவே இந்த நிமிடத்து வெளிவெப்பத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை பிழையாகிவிடும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஸ்டீபன்சன், மிட்டாலாஸ் இருவரும் 1967-ல் அழகான வழி சொன்னார்கள். கூரையின் மேல் ஒரே ஒருமுறை, சிறிது நேரம் மட்டும் வெப்பம் விழுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மணியில் உள்ளே இறங்குவது எவ்வளவு, இரண்டாம் மணியில் எவ்வளவு, மூன்றாம் மணியில் எவ்வளவு? இந்த எண்வரிசைதான் அந்தக் கூரையின் சுபாவம். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் எந்த நாளுக்கும் செல்லும். இரவு எட்டு மணிக்கு இறங்கும் வெப்பம் என்பது பகல் ஒரு மணி வெயிலின் ஏழாம் தவணை, இரண்டு மணி வெயிலின் ஆறாம் தவணை என்று எல்லாவற்றையும் கூட்டிவருவது. கடினமான சமன்பாடு வெறும் பெருக்கலும் கூட்டலும் ஆகிவிட்டது! எனர்ஜிபிளஸ் இன்றும் இதன் மேம்பட்ட வடிவத்தையே பயன்படுத்துகிறது.

2009-ல் அறிவிக்கப்பட்ட நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடப் புதுப்பிப்பில் இப்படிப்பட்ட கணினி மாதிரிதான் முடிவெடுக்க உதவியது. சுமார் 6,500 சன்னல்களை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே செப்பனிட்டார்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்துவிடும் என்பதால் புதிய, பெரிய குளிரூட்டும் இயந்திரங்கள் தேவைப்படவில்லை. பழையவற்றைச் சீரமைத்தாலே போதும் என்றானது. எரிசக்திச் செலவை 38 சதவீதம் குறைக்கலாம் என்றது கணக்கு.

நாமோ வாசல் எந்தத் திசை என்று வாஸ்து பார்க்கச் செலவழிக்கிறோம். மேற்குச் சுவரில் மாலை வெயில் எவ்வளவு விழும் என்று கேட்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மாதிரியை நம்புவதற்கு முன் மின்கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரேயின் வழிகாட்டி 14, மாதக் கணக்கில் மொத்த விலகல் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். ஆண்டுக்கு ஆறே எண்கள். அரசுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் மணிக்கு மணி பதியும் மீட்டர்கள் வைத்து, அந்தத் தரவைப் பொதுவில் தருவதற்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள்: மேகமில்லாத ஒரு நாளில், மணிக்கு ஒருமுறை மாடித் தளத்தின் வெப்பத்தையும் உள்கூரையின் வெப்பத்தையும் குறித்து அனுப்புங்கள். உங்கள் கூரை எத்தனை மணி நேரம் தாமதிக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.