பிளாபர்மவுத்னா நல்லாப் பேசறவன் இல்லப்பா

நேத்து ஒரு கூத்து. பிளேஸ்மென்ட் டிரெய்னிங்ல, மாக் இன்டர்வியூல (பயிற்சிக்கு நடத்தற இன்டர்வியூ) ஒரு ஃபைனல் இயர் பையன்கிட்ட உன் வீக்னஸ் என்னப்பான்னு கேட்டேன், சிரிச்ச முகமா "ஐ ஆம் எ பிளாபர்மவுத் சார்"ங்கறான். நிறைய பேசுவேன்னு அர்த்தமாம், ஏதோ ரீல்ஸ்ல பாத்தானாம். தம்பி, அது ஓட்டை வாய். ஒரு விஷயம் சொன்னா ஊரெல்லாம் தண்டோரா போடறவன்னு நீயே உன்னைப் பத்தி சொல்லிட்டே, அதுவும் கஸ்டமர் டேட்டா பாக்கற வேலைக்கு.

பிளேஸ்மென்ட் டிரெய்னிங் எடுக்கறவங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல சுத்தற அந்த இடியம்ஸ் பிடிஎஃப் தெரியும். ஸ்பில் தி பீன்ஸ், லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக், பிக் மவுத், விசில்ப்ளோயர், எல்லாத்துக்கும் எதிர்ல "ரகசியத்தை வெளியிடுதல்"னு ஒரே வரி. அதை மனப்பாடம் பண்ணிட்டு, டீ பிரேக் லேட்டானதை மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுத்தவனை விசில்ப்ளோயர்ங்கறாங்க. அவன் ஸ்னிட்ச், அவ்ளோதான். கம்பெனிக்குள்ள நடக்கற தப்பை, வேலை போனாலும் பரவாயில்லைன்னு வெளிய சொல்றவன்தான் விசில்ப்ளோயர். அரசாங்கத்துல நடக்கற தப்பை இப்படிச் சொல்றவங்களைக் காப்பாத்த நம்ம நாட்டுல 2014ல சட்டமே பாஸ் பண்ணாங்க (அமலுக்குக் கொண்டு வராம வெச்சிருக்காங்க, அது தனிக் கதை). லெட் தி கேட்ல வர்ற பூனை மேட்டர் பெரும்பாலும் வாய் தவறி வர்றது, நம்ம பேப்பர்லயே "பூனைக்குட்டி வெளியே வந்தது"ன்னு தலைப்பு போடறாங்க, அதனால இதுல அவ்வளவா யாரும் தப்பு பண்றதில்லை.

எனக்கு பிபி ஏத்தறது அந்த கிரீஸ் கதைதான். பழைய கிரீஸ்ல ஜாடியில வெள்ளை பீன்ஸ், கறுப்பு பீன்ஸ் போட்டு ஓட்டுப் போட்டாங்களாம், ஜாடி கவுந்து ரிசல்ட் வெளிய வந்துச்சாம், அதான் ஸ்பில் தி பீன்ஸாம். சொல்றவங்கள்ல பாதிப் பேர் டிரெய்னர்ஸ்! ஏங்க, அந்தப் பிரயோகமே 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்காவுல கிளம்பினது, அதுவும் முதல்ல காரியத்தைக் கெடுத்துட்டான்ங்கற மாதிரிதான் பேசினாங்க. கிரீஸுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கு, அத்தனை நாள் அந்த பீன்ஸ் எங்க இருந்துச்சாம்? பூனைக்கு 1760ல லண்டன்ல வந்த ஒரு பத்திரிகையில எழுத்துலயே சான்று இருக்கு, கிரீஸ் பீன்ஸுக்கு அந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க, ஒத்துக்கறேன்.

நிஜமான கதை வேணும்னா லூஸ் லிப்ஸ் சிங்க் ஷிப்ஸ் சொல்லிக் குடுங்க. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவுல போஸ்டர் அடிச்சு ஒட்டினது, கப்பல் எப்பக் கிளம்புதுன்னு டீக்கடைப் பேச்சு பேசினா எதிரி காதுக்குப் போய் கப்பலே முங்கிடும்னு. 1940ல பிரிட்டன்ல வந்த போஸ்டர்ல பஸ்ஸுல ரெண்டு பொம்பளைங்க ஊர்க்கதை பேசிட்டிருப்பாங்க, பின் சீட்டுல ஹிட்லர் உக்காந்து கேட்டுட்டிருப்பாரு. கிளாஸ்ல இதைக் காட்டினா எவனும் மறக்க மாட்டான்.

சரி, பசங்களா. இன்டர்வியூல இந்த இடியம் ஒண்ணு கூட வேண்டாம். மெயில்ல சுத்தமா வேண்டாம், மேனேஜருக்கு "தேங்க்ஸ் ஃபார் ஸ்பில்லிங் தி பீன்ஸ்"னு அனுப்பிட்டு அவரு ஏன் ரிப்ளை பண்ணலைன்னு என்கிட்ட கேக்காதீங்க. பிக் மவுத், பிளாபர்மவுத் ரெண்டும் திட்டு, ஃபிரெண்ட்ஸுக்குள்ள மட்டும். புதுசா ஒரு இடியம் பிடிச்சுதுன்னா டிக்‌ஷனரியில மூணு எடுத்துக்காட்டு வாக்கியம் படிங்க, யார் யாரைச் சொல்றாங்க, கோவமா கிண்டலான்னு பாருங்க. ரகசியம் காப்பேன்னு சொல்லணுமா, "ஐ கேன் ஹேண்டில் கான்ஃபிடென்ஷியல் இன்ஃபர்மேஷன்" போதும். ரீல்ஸ் போடற அண்ணன் அக்காங்களே, அந்த லிஸ்ட்ல "திட்டு"ன்னு ஒரு வார்த்தை சேத்துப் போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.