பெரிய எஞ்சினுக்கு இடமில்லாத விமானம்

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் முன்பெல்லாம் டிக்கெட் விலையைத்தான் விசாரிப்பார்கள். இப்போது "அது போயிங்கோ?" என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. அந்தப் பயத்தின் வேர் ஒரு குட்டையான விமானத்தில் இருக்கிறது.

போயிங் 737 முதலில் பறந்தது 1967இல். அக்காலத்துச் சிறிய விமான நிலையங்களில் பயணப் பொதிகளை ஏற்றுவதற்கு வசதியாக, அதன் உடல் தரைக்கு நெருக்கமாக இருக்கும்படி வடிவமைத்தார்கள். அன்றைய எஞ்சின்கள் ஒடுக்கமானவை, அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் எஞ்சினின் முன்விசிறி பெரிதாக வேண்டும். உந்துவிசை, எஞ்சின் பின்னே தள்ளும் காற்றின் வேகத்தோடு நேராகக் கூடும். அதற்குச் செலவாகும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே இலாபம்.

2010 டிசம்பரில் போட்டி நிறுவனமான எயார்பஸ் இப்படிப் பெரிய விசிறி பூட்டிய ஏ320 நியோவை அறிவித்தது. ஏ320 உயரமான விமானம், எஞ்சினுக்குக் கீழே இடம் இருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கன் எயர்லைன்ஸ் எயார்பஸிடமும் பெருந்தொகையாக வாங்க முடிவு செய்தது. போயிங் பதறியது. புதிய விமானம் செய்ய நீண்ட காலம் பிடிக்கும் என்று 737ஐயே மாற்றி 'மேக்ஸ்' செய்தது. சுமார் 155 செ.மீ. விசிறி 175 செ.மீ. ஆனது. அதை இறக்கைக்குக் கீழே தொங்கவிட இடமில்லை. எஞ்சினை முன்னோக்கியும் மேல்நோக்கியும் நகர்த்தினார்கள்.

சிக்கல் அங்கேதான் பிறந்தது. மூக்கு அதிகம் உயரும்போது, முன்னே நீண்ட எஞ்சினின் உறையும் தூக்குவிசை தந்து மூக்கை இன்னும் மேலே தள்ளும். அதைச் சரிக்கட்ட எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் அது வாலின் கிடைத்தளத்தைத் திருப்பி மூக்கைத் தாழ்த்தும். சரி, இதில் என்ன பிழை? விமானம் காற்றை எந்தக் கோணத்தில் எதிர்கொள்கிறது என்று அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும் எம்காஸ் ஒன்றை மட்டுமே நம்பியது. அந்த ஒன்று பொய் சொன்னால், விமானி மூக்கைத் தூக்கத் தூக்க அது திரும்பத் திரும்ப அழுத்தும். விமானிகளின் கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. புதிய பயிற்சி தேவைப்படாத விமானம் என்று விற்பதே போயிங்குக்கு முக்கியமாக இருந்தது. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் எயர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் எயர்லைன்ஸ் என இரண்டு மேக்ஸ் விமானங்கள் விழுந்தன. 346 உயிர்கள் போயின. இதை விபத்து என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகெங்கும் மேக்ஸ் தரையில் நிறுத்தப்பட்டது. அப்புறம் எம்காஸைத் திருத்தி, இரண்டு உணரிகளையும் ஒப்பிட வைத்தார்கள்.

2024 ஜனவரியில் அலாஸ்கா எயர்லைன்ஸின் மேக்ஸ் விமானம் ஒன்றில் கதவு இருக்கவேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பறந்துபோனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்களும் பூட்டப்படவே இல்லை. முதலாவது வடிவமைப்பின் பிழை, இது தொழிற்சாலையின் பிழை. பேர் கெட்டது இரண்டாலும்தான்.

போட்டிக்கு யார் வருகிறார்கள்? எங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் ஓடுபாதை குட்டை. சென்னையிலிருந்து அங்கே வருவது ஏடிஆர் 72, சுழலி பூட்டிய விமானம். எயார்பஸும் இத்தாலியின் லியனார்டோவும் கூட்டாகச் செய்வது. அந்த ரகத்தில் போயிங்கிடம் விமானமே இல்லை. கனடாவின் பொம்பார்டியர் நல்லதொரு சிறிய ஜெட் செய்தது. போயிங் அதன்மேல் அமெரிக்காவில் வரி வழக்குப் போட, அந்தத் திட்டம் எயார்பஸின் கைக்குப் போய் ஏ220 ஆனது. தன் போட்டியாளனைத் தானே பலப்படுத்திய கதை அது.

சீனாவின் சி919 பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2023 மே மாதத்தில். ஆனால் அதன் எஞ்சின், மேக்ஸுக்கு எஞ்சின் கொடுக்கும் அதே சிஎஃப்எம் கம்பனியுடையது. 2025இல் அமெரிக்கா அதன் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியும் வைத்தது. 2019 முதல் ஆண்டுதோறும் போயிங்கைவிட எயார்பஸே அதிக விமானங்களைக் கையளித்து வருகிறது. ஆனாலும் இன்று ஒரு ஏ320 கேட்டால் வரிசையில் பல ஆண்டுகள் நிற்க வேண்டும். அதனால் போயிங்மேல் மனம் கசந்த விமான சேவைகளும் மேக்ஸையே வாங்குகின்றன.