சல்லடை கிழிவதற்கு முன்னால்

காங்கேயம் பக்கம் எங்கள் பெரியப்பா தோட்டத்தில், கிணற்று மோட்டாரை ஒட்டி சொட்டுநீர் பில்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பிரஷர் மீட்டர், பின்னால் ஒன்று. இரண்டு முள்ளுக்கும் இடையே வித்தியாசம் கூடிவிட்டால் பெரியப்பா உடனே மோட்டாரை நிறுத்திவிடுவார். "பிரஷர்லயே ஓட்டுனா சல்லடை கிழிஞ்சு போயிரும் கண்ணு, அப்புறம் மண்ணு பூராவும் டியூப்புக்குள்ள போயிரும்" என்பார். சல்லடையைக் கழற்றிக் கழுவப் பத்து நிமிடம் போதும். டியூப்பையே மாற்றுவதென்றால் ஒரு வெள்ளாமைக் காசு போய்விடும்.

அவருக்குச் சர்க்கரை வந்து 15 வருடம் ஆகிறது. ஆனால் அவர் உடம்பில் இருக்கும் சல்லடைக்கு மீட்டர் வைத்துப் பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன்புதான்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 லட்சம் நுண்சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரத்தக்குழாய் முடிச்சு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராகப் போக, மிச்சமெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. முடிச்சுக்குள் ரத்தம் வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். சர்க்கரை நோயில் வரும் குழாய் விரிகிறது, போகும் குழாய் இறுகுகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட சல்லடைக்கு அழுத்தம் ஏறுகிறது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அழுத்தம் கூடிய தொடக்க வருடங்களில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிக்கும். ரத்தத்தில் சேரும் கழிவான, நம் ஊரில் 'உப்பு' என்று சொல்லும் கிரியேட்டினின், பரிசோதனைச் சீட்டில் நன்றாகவே இருக்கும். அது ஏறத் தொடங்கும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பாதிக்குப் பக்கம் போயிருக்கும். முதலில் ஆடும் முள் வேறு: சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. 30-லிருந்து 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. அதற்கும் மேலே போனால் சல்லடை நன்றாகவே சேதமாகியிருக்கிறது. காய்ச்சல், கடும் வேலை இவற்றாலும் ஒருநாள் ஏறக்கூடும் என்பதால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சிறுநீர் நுரைக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தனியார் லேபில் சில நூறு ரூபாயில் முடிகிற இந்தப் பரிசோதனையை, சர்க்கரை உள்ள எல்லோரும் வருடம் ஒருமுறையாவது செய்துகொள்ள வேண்டும்.

கசிவு தெரிந்தால் செய்ய வேண்டியது, பெரியப்பா பாஷையில் சொன்னால், வால்வு திருகுவது. லோசார்டான் போன்ற மாத்திரைகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. அது சிறுநீரகத்தைக் காக்கும் என்று 2001-லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. அடுத்தது டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை. சிறுநீரகம் வடித்த சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் இந்த உறிஞ்சலும் மிகும். வடித்த நீர் ஓடும் நுண்குழாயின் கடைசிப் பக்கம் உள்ள உணர்விக்குப் போய்ச் சேரும் சோடியம் குறையும். 'தண்ணீர் பற்றவில்லை' என்று அந்த உணர்வி, ரத்தம் வரும் குழாயின் வால்வை இன்னும் திறந்துவிடும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. உணர்விக்குச் சோடியம் வந்து சேர்கிறது, வால்வு அளவாக மூடுகிறது. இதே வகையைச் சேர்ந்த கானாகிளிப்ளோசினை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட பெரும் பாதிப்புகளின் அபாயம் 30 சதவீதம் குறைந்தது. 2020-ல் இந்தியாவில் டாபாகிளிப்ளோசினின் காப்புரிமை முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை நன்றாக இறங்கியது.

இந்த இரண்டு மாத்திரையும் தொடங்கிய முதல் சில வாரங்களில் 'உப்பு' கொஞ்சம் ஏறும். அழுத்தம் இறங்கியதால் வடிப்பும் சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். 30 சதவீதத்துக்குள் ஏறினால் பொதுவாக மருத்துவர்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை. பெரியப்பா சீட்டைப் பார்த்துவிட்டு அவராகவே நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து, நோயாளிகளை விடாமல் விசாரிக்கும் தொடர் கவனிப்புத் திட்டத்தின் செவிலியர் போனில் கேட்டபோதுதான் விஷயமே வெளியில் வந்தது. அதோடு, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையும் பிடிபட்டது. சிறுநீரகத்துக்கு அது தனிக் கேடு.

தொடர் கவனிப்புத் திட்டம் என்பதன் உயிரே அந்தப் போன்தான் என்று நான் நினைக்கிறேன். மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, விலையும் இறங்கிவிட்டது. எழுதிய மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குச் சம்பளம், பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்ந்தால் முதல் சில வருடம் செலவு கூடத்தான் செய்யும். மிச்சம் பிறகு வருகிறது, அதுவும் வேறொருவர் கணக்கில். சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரம் வைத்து ரத்தத்தை வடிக்கும் முழு அளவு டயாலிசிஸ் என்றால் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். வருடத்துக்கு 156 முறை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் கட்டணத்தை ஏற்கிறது. ஆனால் எங்கள் ஊரில் தறி ஓட்டிய ஒருவர் விடியற்காலை பஸ்ஸில் போய் மதியத்துக்கு மேல் திரும்புகிறார், துணைக்கு மனைவி. இரண்டு பேர் கூலி போகிறது. ஊசி குத்த அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய் அவர் இடது முன்கையில் புடைத்திருக்கும். தொட்டால் விர்ரென்று அதிரும். அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது என்பதால் தறி வேலையையே விட்டுவிட்டார். எந்த மருத்துவமனை பில்லிலும் இந்தத் தொகை இல்லை.

டென்மார்க்கில் 160 சர்க்கரை நோயாளிகளை 21 வருடம் பின்தொடர்ந்த ஸ்டெனோ-2 ஆய்வு இதில் நேர்மையான ஒரு கணக்கைத் தருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துத் தீவிரமாகக் கவனித்தவர்களுக்கு ஆன மொத்தச் செலவு, சாதாரணக் கவனிப்பில் இருந்தவர்களுடையதைவிடக் குறைந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் சுமார் 8 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். வாழ்ந்த ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் செலவு குறைவு. மருத்துவமனையில் படுத்த நாட்கள் குறைந்ததே முக்கியக் காரணம். அரசுக்கு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டால் அந்த 8 வருடம் கணக்கில் வராது.

குறைந்த காசிலும் முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. சென்னையை ஒட்டிய கிராமங்களில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி நடத்திய திட்டத்தில், பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் வீடுவீடாகப் போய்ச் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். பழைய, மலிவான மாத்திரைகளே கொடுத்தார்கள். தலைக்கு வருடம் அரை டாலர்கூட ஆகவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதே ஊழியர் கையில் அல்புமின் பரிசோதனையையும், 'நிறுத்திட்டீங்களா?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெரியப்பா மாத்திரையை மறுபடி தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. 300-ஐத் தாண்டியிருந்த அல்புமின் இப்போது அதற்குக் கீழே வந்திருக்கிறது. லோசார்டான் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது என்பதால் அடுத்த பரிசோதனையில் அதையும் பார்க்கிறார்கள். அதுவரை பொட்டாசியம் மிகுந்த இளநீர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். தோட்டத்தில் நூறு தென்னை நிற்கிறது. அதில்தான் அவருக்கு வருத்தம்.