மஞ்சள் கரு இருக்க, தீவனத்துக்கு ஏன் அவசரம்?

காடைப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறதே, ஒரு நாள் தீவனம் வைக்காவிட்டால் என்ன?"

ஜப்பானியக் காடை முட்டை 17, 18 நாளில் பொரியும். அதற்குச் சற்று முன்பே மிச்ச மஞ்சள் கருப் பை குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். அதிலிருந்து கொஞ்சம் இரத்தத்துக்கும், கொஞ்சம் மெல்லிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்கும் போகும். சில நாட்களுக்கு உயிர் தாங்க அது போதும். குடல் வளரத்தான் போதாது.

வளர்ந்த பறவையின் சிறுகுடலின் உட்சுவரில் இரையை உறிஞ்ச விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் உண்டு; அவைதான் குடலுறிஞ்சிகள். அவற்றின் அடியில் நுண்ணிய குழிகள் உண்டு. செல் பிரிவது பெரும்பாலும் அங்கேதான். புதிய செல்கள் பழையவற்றை மேலே தள்ள, அவை நுனிவரை ஏறி உதிர்ந்துவிடும். புதுக் குஞ்சிடம் இந்த ஒழுங்கே கிடையாது! குடலுறிஞ்சிகள் குட்டையாக நிற்கும். குழிகள் பேருக்குத்தான். அடியிலிருந்து நுனிவரை எல்லா இடத்திலும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். அடுத்த சில நாட்களில் குழிகள் ஆழமாகி, பிரியும் வேலை மெல்ல மெல்ல அவற்றுக்குள் ஒதுங்குகிறது. மேலே இருப்பவை பிரிவதை நிறுத்தி, நெடுநெடுவென்று நீண்டு, செரிமானத்தில் இறங்குகின்றன. எல்லாரும் எல்லாம் செய்த வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று முடிவாவதைப் போல. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சலிக்காது.

இதை முடுக்கிவிடுவது குடலுக்குள் வரும் இரைதான். பட்டினி கிடந்த குஞ்சுக்குக் குடலுறிஞ்சிகள் குட்டையாகவே நிற்கும். இன்னொரு வேடிக்கை: கோழிக் குஞ்சுகளில் பார்த்தபோது, தீவனம் தின்றவைதான் மஞ்சள் கருவையும் சீக்கிரம் தீர்த்தன. இரை விழுந்ததும் குடல் அசைகிறது, அந்த அசைவு மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆக, மஞ்சள் கருவை நம்பிப் பட்டினி போட்டால் அதுவும் சரியாகப் பயன்படாது.

குஞ்சுக் குடலை அளக்க அரசுப் பணமா என்று சிரிப்பவர்கள் உண்டு. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள அரசு ஆய்வு நிலையத்துக்கு வந்த இந்தக் காடை இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்குகிறதென்றால், அது அப்படிப்பட்ட பணத்தில் வந்ததுதான். 'ஆயிரம் கோழிக்கு அரைக் காடை' என்று மருத்துவ குணம் அளப்பவர்களுக்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

சரி, பண்ணைக்காரருக்கு: குஞ்சுகள் ஈரம் உலர்ந்து நடமாடத் தொடங்கியதும் பொடித்த தீவனத்தைச் சொரசொரப்பான தாளில் தூவுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் குஞ்சுகள் விழுந்து மூழ்கிவிடும்.