“பொறு” என்று சொல்லும் பித்தளை வளையம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். இன்ஜின் அருமை. ஆனால் கியர் போடுவதென்றால் சேற்றில் கம்பை விட்டுத் துழாவுகிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது என்று நினைத்துத் தள்ளினால் ஐந்தாவதில் போய் உட்காருகிறது. இரண்டாவதற்கு இழுத்தால் சில நேரம் ‘கறக்’ என்று கத்துகிறது. ஷார்ட் ஷிஃப்டர் (கை நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று கியர் ராடு) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?”

ஒரே கடிதத்தில் இரண்டு நோய்களைச் சொல்லியிருக்கிறார். கியரைத் தேட வேண்டியிருப்பது ஒன்று, கியர் கத்துவது இன்னொன்று. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும். இரண்டாவது உள்ளே, அல்லது கிளட்சில். ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது.

முதலில் வெளியே இருப்பதைப் பார்ப்போம். கியர் ராடு ஒரு நெம்புகோல். நடுவே ஒரு குண்டு மூட்டு. மேலே கையின் பக்கம் நீளமான கை, கீழே குட்டையான கை. மேலே 240 மி.மீ., கீழே 60 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் நாலுக்கு ஒன்று. கையின் விசை நாலு மடங்காகி கீழே போகிறது. நல்லதுதான். ஆனால் கீழே உள்ள ஆட்டமும் அதே நாலு மடங்காகி மேலே வருகிறது.

அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? ராடின் அடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஐந்து மூட்டுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் 0.4 மி.மீ. தேய்மானம் என்றால் மொத்தம் 2 மி.மீ. கையில் அது 8 மி.மீ. எந்த மூட்டைத் தனியாகக் கழற்றிப் பார்த்தாலும் “இது நல்லாத்தானே இருக்கு” என்றுதான் தோன்றும். எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கூட்டினால் மட்டும் நாசம்.

எத்தனை மூட்டுகள் என்பது காரின் உடலமைப்பைப் பொறுத்தது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 போல முன்னால் இன்ஜின், பின் சக்கர ஓட்டம் என்றால் கியர் ராடு நேராக கியர்பாக்ஸின் தலையிலேயே இறங்குகிறது. இடையில் ஒன்றுமே இல்லை. அதில் தேய்வது ராடின் அடியில் உள்ள சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். மேலே உள்ள ரப்பர் உறையும் கிழியும். இரண்டையும் மாற்றி, அந்தக் குழியில் கொஞ்சம் புது எண்ணெய் விட்டால் ராடு பழைய விறைப்புக்கு வந்துவிடும். இன்ஜினைப் பின்னால் வைத்த கார்களில் கதை நீளம். ராடு ஓட்டுநர் பக்கத்தில், கியர்பாக்ஸ் முதுகுக்குப் பின்னால், இடையே ஒரு நீளக் கம்பியோ இரண்டு கேபிள்களோ. போர்ஷா 914-இல் இது உச்சத்துக்குப் போனது. 1970 முதல் 1972 வரை வந்த கார்களில் கம்பி இன்ஜினைத் தாண்டி, கியர்பாக்ஸையும் தாண்டி, அதன் வால் பக்கம் போய்ச் சேரும். கையில் ஒரு தெளிவும் இருக்காது. 1973-க்கான கார்களில் நிறுவனமே கம்பியை கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இணைத்து வழியைச் சுருக்கிக்கொண்டது.

மூட்டுத் துளைகளில் இருக்கும் புஷ் என்னும் உள்வளையம் ரப்பரோ நைலானோ. வேண்டுமென்றே மெத்தென்று வைத்திருக்கிறார்கள், கியர்பாக்ஸின் அதிர்வு கைக்கு வரக்கூடாதே. ஆனால் ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதும். நைலான் மெதுவாகத் தேய்ந்து, வட்டத் துளை முட்டை வடிவமாகும். பதிலுக்குப் பாலியூரித்தேன், அசிட்டால், வெண்கலம் என்று கடினமான புஷ்கள் கிடைக்கின்றன. கடினம் கூடக் கூட கியர் கச்சிதமாக விழும், கூடவே ராடில் ஒரு ரீங்காரமும் வந்து ஒட்டிக்கொள்ளும். தினமும் ஓட்டும் காருக்கு நான் புது ரப்பரையே சொல்வேன்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் காரின் உடலோடு தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்களை மறந்துவிடாதீர்கள். கம்பியின் ஒரு முனை காரின் உடலில், மறு முனை கியர்பாக்ஸில். மவுண்ட் தளர்ந்திருந்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கியர்பாக்ஸே சாய்ந்து, நீங்கள் தேடும் இடம் நகர்ந்துபோகும். நின்ற காரில் ஒழுங்காக விழும் கியர் ஓட்டத்தில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான்.

இனி ஷார்ட் ஷிஃப்டர். அது செய்வது விகிதத்தை மாற்றுவது மட்டுமே. நாலுக்கு ஒன்று என்பது மூன்றுக்கு ஒன்றாகிறது. கை நகரும் தூரம் 80 மி.மீ. இருந்தது 60 ஆகும். ஆட்டமும் 8-லிருந்து 6 ஆகும். பத்தில் ஒரு பங்கு ஆட்டம் முன்பும், பத்தில் ஒரு பங்கு ஆட்டம் பின்பும்! அதே சேறு, கொஞ்சம் சின்னப் பாத்திரத்தில். தவிர, இப்போது கை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். “போட்டதும் அற்புதமாக மாறியது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பொட்டலத்தில் புது புஷ்ஷும் சேர்ந்து வந்திருக்கும். வேலை செய்தது அது, பெயர் வாங்கியது இது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த ‘கறக்’.

கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று எப்போதும் கோத்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. கியர் போடுவது என்பது பல்சக்கரத்தை நகர்த்துவது அல்ல. தண்டின் மேல் சும்மா சுற்றும் ஒரு சக்கரத்தை, ஸ்லீவ் என்னும் வளையத்தால் தண்டோடு பூட்டுவது. இரண்டாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இருக்கிறது. இரண்டாவதின் விகிதம் 2, மூன்றாவதின் விகிதம் 1.4 என்றால், மூன்றாவது பூட்டும்போது உள்ளீட்டுத் தண்டு 3,500 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். கிளட்ச் தகடு, தண்டு, அதோடு கோத்த சக்கரங்கள் எல்லாமே, நீங்கள் கையை நகர்த்தும் கண் இமைக்கும் நேரத்துக்குள் 1,500 சுற்றை இழக்க வேண்டும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு இதைச் சாதித்தார்கள். 1928-இல் காடிலாக் கார்களில் வேகங்களைத் தானாகச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் வந்தபோது அந்த வேலை இயந்திரத்தின் கைக்குப் போனது. பிறகு செம்மையான வடிவத்தில் அதைச் செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளை வளையம்.

வளையத்தின் உட்புறம் ஒரு கூம்பு. சக்கரத்தின் பக்கத்திலும் அதே சரிவில் எஃகுக் கூம்பு. ஸ்லீவ் தள்ள, வளையம் போய்க் கூம்பில் ஆப்பு போல உட்காருகிறது. சரிவு ஏறத்தாழ 6.5 டிகிரி. ஆப்பு ஆனதால் நீங்கள் தள்ளும் விசை பரப்பின் மேல் கிட்டத்தட்ட 9 மடங்காக அழுத்துகிறது. இன்னும் சரிவைக் குறைத்தால் இன்னும் பலம் கிடைக்குமே? கிடைக்கும், ஆனால் சிக்கிக்கொள்ளும். எண்ணெய் நனைந்த பித்தளைக்கும் எஃகுக்கும் உராய்வுக் கெழு சுமார் 0.1. அதற்கு ஈடான கோணம் 5.7 டிகிரி. அதற்குக் கீழே போனால் ஆப்பு தானாகக் கழன்று வராது. அதனால்தான் எல்லைக்கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

இதுவரை இது வெறும் பிரேக். அழகு இனிமேல்தான்.

வளையம் முழுதாகச் சுற்ற முடியாது. அரைப் பல் அளவு மட்டும் இப்படியும் அப்படியும் அசையலாம். வேக வித்தியாசம் இருக்கும்வரை உராய்வு வளையத்தை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருக்கிறது. அப்படி இழுபட்ட நிலையில் வளையத்தின் வெளிப்பற்கள் ஸ்லீவின் பற்களுக்கு நேர் எதிரே வந்து வழிமறிக்கின்றன. இரண்டின் நுனிகளும் கூரை போலச் சரிவாகச் சீவப்பட்டவை. ஸ்லீவ் தள்ளத் தள்ள, அந்தச் சரிவு வளையத்தை விலக்கித் திருப்பப் பார்க்கிறது. உராய்வு திருப்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. இழுபறி.

சரி, பலமாகத் தள்ளினால் ஜெயிக்கலாமா? முடியாது! பலமாகத் தள்ளினால் விலக்கும் முறுக்கம் கூடும், அதே விகிதத்தில் உராய்வு முறுக்கமும் கூடும். யார் பெரியவர் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கைப்பலம் அல்ல, இரண்டு சரிவுகளும் ஒரு உராய்வுக் கெழுவும். முரட்டுக் கைக்கும் மெல்லிய கைக்கும் ஒரே பதில்: பொறு. வேகங்கள் சமமாகும் அந்தக் கணத்தில் உராய்வு முறுக்கம் மறைந்துபோகிறது. இப்போது வளையத்தைப் பிடித்துவைக்க ஆளில்லை. சரிவு அதை அரைப் பல் ஒதுக்க, ஸ்லீவ் வழுக்கி உள்ளே போய்ப் பூட்டுகிறது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வேக வித்தியாசத்தை அளந்து, முடிவெடுத்து, கதவைத் திறப்பது ஒரே உலோகத் துண்டு. எத்தனை முறை படம் வரைந்து பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

போர்ஷா வேறு வழியில் போனது. 1952-இல் அதன் 356 காரில் வந்த சிங்க்ரோமெஷ், வெட்டு விட்ட எஃகு வளையம். சுழற்சியின் இழுப்பே வளையத்தை விரித்து மேலும் இறுக்கும், டிரம் பிரேக்கின் ஷூ தன்னைத்தானே இறுக்கிக்கொள்வது போல. 1986 வரை அதன் 911 காரிலும் இதுதான். 1987 முதல் வந்த கியர்பாக்ஸில் பித்தளை வளைய வகைக்கு மாறினார்கள். பழைய 911-ஐ நிதானமாகக் கியர் மாற்றி ஓட்டுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது பழங்கதை அல்ல.

இந்த ஏற்பாடு எப்போது தோற்கும்? வளையத்தின் உட்பரப்பில் நூல்போன்ற மெல்லிய மரைகள் உண்டு. அவை எண்ணெய்ப் படலத்தை அறுத்து வழித்துவிட, உலோகம் உலோகத்தைப் பிடிக்கும். மரைகள் மழுங்கினால் வளையம் எண்ணெய் மேல் மிதக்கும். உராய்வு குறையும், இழுபறியில் தவறான ஆள் ஜெயிப்பார். வேகம் சமமாகும் முன்பே ஸ்லீவ் பாய்ந்துவிடும். ‘கறக்.’ தேய்ந்த வளையம் கூம்பில் ஆழமாக இறங்கிவிடுவதால், வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்தே ஆயுளைச் சொல்லலாம். ஆனால் அதற்கு கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

பிரிக்கும் முன் எண்ணெயைப் பாருங்கள். கியர்பாக்ஸில் எல்லா உறுப்புக்கும் வழுக்கல் வேண்டும், இந்த வளையத்துக்கு மட்டும் பிடிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணெய் தர வேண்டும்! பழைய கையேடுகள் பலவற்றில் எண்ணெயின் வகைக்குறி ஜிஎல்-4 என்று இருக்கும். “ஐந்து நாலைவிடப் பெரியது” என்று ஜிஎல்-5 ஊற்றுபவர்கள் உண்டு. அது தரவரிசை அல்ல, வேறு வேலைக்கான எண்ணெய். அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கனமான பற்களைக் காக்க வந்தவை. அவை வளையத்தின் பிடிப்பைக் குறைக்கலாம், சில வகைகள் பித்தளையையே அரிக்கும். உராய்வைக் குறைப்பதாகச் சொல்லும் மந்திரப் புட்டிகளும் இதே ரகம். பிடிப்பை நம்பி வாழும் உறுப்பின் மேல் வழுக்கலை ஊற்றிவிட்டு கியர் ஏன் கத்துகிறது என்று கேட்பதை மூடநம்பிக்கை என்று சொல்லத்தான் வேண்டும். உராய்வைப் படிக்கும் துறைக்கு ‘டிரைபாலஜி’ என்ற பெயர் கிடைத்ததே 1966-இல், பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் வந்த அறிக்கையால்தான். குதிரைத்திறனுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளி தேய்மானத்துக்குக் கிடைத்திருந்தால், இந்தப் புட்டிகளுக்குச் சந்தை இருந்திருக்காது என்பது என் ஆற்றாமை.

கிளட்சையும் சோதியுங்கள். கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால், பாவம் வளையம், முழு இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டும். நின்ற காரில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்துச் சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கத்தினால் குற்றவாளி கிளட்ச். ஹைட்ராலிக் குழாயில் காற்று நுழைந்திருக்கலாம், எடுத்துவிட்டால் போதும்.

ஆக, கேட்டவருக்கு என் வரிசை இதுதான். இன்ஜினை நிறுத்தி, ஒரு கியரில் போட்டு, ராடை மெதுவாக ஆட்டுங்கள். இன்னொருவர் காரை ஸ்டாண்டில் பத்திரமாக ஏற்றிக் கீழே படுத்து, எந்த மூட்டுவரை அசைவு வருகிறது, எங்கே தொலைகிறது என்று பார்க்கட்டும். தொலையும் இடம்தான் மாற்ற வேண்டிய புஷ். பிறகு எண்ணெய், கிளட்ச், மவுண்ட். ஷார்ட் ஷிஃப்டர் ஆசை அதன் பிறகும் மிச்சமிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தும் முன், கம்பியின் மேல் ஒரு கோடு கீறி வைத்துவிடுங்கள். ஒரு டிகிரி திரும்பினாலும் கியர்கள் விழும் இடங்கள் மாறிவிடும். நண்பரின் காரில் நான் அதை மறந்தேன். நாலு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. ரிவர்ஸ் மட்டும் காணவில்லை, சந்துக்குள் நிறுத்தியிருந்த காரை இரண்டு பேர் சேர்ந்து பின்னால் தள்ளினோம்.