ஷார்ட் ஆன மோட்டாரில் காந்தப் பாயம் எங்கே போகிறது?

தண்டையார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், நிலைக்காந்தம் ஏதுமில்லாத தூண்டல் மோட்டார், ஓடும்போது மூன்று பேஸும் ஷார்ட் ஆகிவிட்டால் எப்படிக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது என்று கேட்டிருக்கிறார்.

மோட்டாரின் அசையாத வெளிப்பகுதியான ஸ்டேட்டரின் சுழலும் காந்தப்புலம், உள்ளே சுழலும் பகுதியான ரோட்டாரின் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டுவது ஐ.டி.ஐ. பாடம், அதை விட்டுவிடலாம். சுவையெல்லாம் ஷார்ட் ஆன கணத்தில்தான் இருக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டபடி, ஒரு சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவான பாயம் மாறினால் அதில் மின்னழுத்தம் எழ வேண்டும். முனைகள் ஒன்றாகிவிட்ட சுருளில், கம்பியின் சிறு மின்தடையைத் தவிர, அந்த அழுத்தத்தைத் தாங்க வேறெதுவும் இல்லை. ஆகவே பாயம் மாறாதிருக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அவ்வளவும் சுருளில் ஓடியே தீரும். அதுவரை சுழன்றுகொண்டிருந்த ஸ்டேட்டர் பாயம் சுழலாமல் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கம்பிகளின் முனைகள் வளையங்களால் இணைக்கப்பட்டு எப்போதும் ஷார்ட் ஆகவே இருக்கும் ரோட்டார் கூண்டோ, தன் பாயத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து சுழல்கிறது. நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறத்தாழ 10 மில்லிவினாடியில் இரண்டும் எதிரெதிராகிவிடும். எதுவும் மற்றதன் சுருளுக்குள் நுழைய முடியாமல், கம்பிகள் பதிந்திருக்கும் காடிகளின் வாய் வழியாகவும் காயில் தலைகளைச் சுற்றியுள்ள காற்றின் வழியாகவும் பாயம் ஒதுங்குகிறது. இரும்பில்லாத அந்தப் பாதையில் பாயத்தைச் செலுத்தப் பெரும் மின்னோட்டம் வேண்டும் என்பதால், மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பதைப் போல, முழுச்சுமைக் கரண்டின் 5 முதல் 7 மடங்கு வரை பாய்கிறது. முதல் உச்சம் அதற்கும் மேலே போகும்.

ஷார்ட் கரண்டில் டிரான்ஸ்பார்மரின் பங்கை மட்டும் கணக்கிட்டு பிரேக்கர் வாங்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள். பேனல் கதவில் எலுமிச்சம்பழம் கட்டுவது அவரவர் விருப்பம், ஆனால் அது இந்த ஆம்பியர்களைக் குறைப்பதில்லை. காயில் தலைகளை நூலால் இறுக்கிக் கட்டி வார்னிஷில் முக்குகிறார்களே, அந்தக் கட்டு தாங்க வேண்டியது இந்த மின்னோட்டத்தின் விசையைத்தான்.

சுருளின் மின்தடை பாயத்தில் தேங்கிய ஆற்றலைத் தின்றுவிடுவதால், சாதாரண மோட்டார்களில் சில பத்து மில்லிவினாடிகளில் எல்லாம் அடங்கிவிடும். ஷார்ட் ஆகாமல் சப்ளை மட்டும் அறுந்தால், எதிர்க்க ஸ்டேட்டரில் மின்னோட்டமே இல்லாததால், ரோட்டாரின் பாயம் நெடுநேரம் நிலைத்து, முனைகளில் மின்னழுத்தத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். அத்திப்பட்டில் உள்ளது போன்ற அனல்மின் நிலையங்களில் பெரிய பம்பு மோட்டார்களை ஒரு சப்ளையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, இந்த மிச்ச அழுத்தம் தணியும்வரை காத்திருக்கவோ, புது சப்ளையுடன் அது ஒத்திசையும் கணத்தில் இணைக்கவோ வேண்டியிருப்பது இதனால்தான்.